பி.எஃப்.ஏ. சேர்க்கைக்கு போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்கலாம்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறேன். சென்னை எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலைப் பட்டம்) சேர வேண்டும் என்று ஆசை. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள் முகங்களைப் பென்சிலில் நிறைய வரைந்து வைத்திருக்கிறேன். டிராயிங் மாஸ்டர் யாரிடமும் படித்ததில்லை. போர்ட்ஃபோலியோவில், அதாவது கல்லூரிக்குக் காட்டும் படத் தொகுப்பில், எதை வைப்பது, எத்தனை வைப்பது, விண்ணப்பத்துக்கு என்னென்ன தயார் செய்வது? அப்பா பி.காம். சேரச் சொல்கிறார்.

பதில்:

தம்பி, வணிகவியல் படித்ததோ, மாஸ்டரிடம் படிக்காததோ ஒரு தடையே இல்லை. நான் எழும்பூரில் வண்ணக்கலை படித்தவன், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். உங்களைப் போன்ற கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: போட்டோவை மூடி வைத்துவிட்டு, கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரையத் தொடங்குங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போட்டோவில் இருந்து நடிகர் முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, முடி முடியாக வரைவதற்குப் பொறுமை வேண்டும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, வெளிச்சம் எங்கிருந்து விழுவது, எந்தக் கோணம் என்பதையெல்லாம் கேமராக்காரர் முடிவு செய்துவிட்டார். முப்பரிமாண உருவத்தைத் தட்டையாக்கும் வேலையையும் லென்ஸ் செய்துவிட்டது. உங்களுக்கு மிஞ்சியது நிழல் தீட்டுவது மட்டும். தேர்வு செய்கிற ஆசிரியர்கள் பார்க்க விரும்புவது அந்த முடிவுகளை நீங்களே எப்படி எடுக்கிறீர்கள் என்பதை. அதனால் இருப்பதில் மிக நல்ல ஒரு நடிகர் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள், போதும். அந்தப் பொறுமையை உங்கள் பாட்டி முகத்துக்குக் கொடுங்கள். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீரை ஆய்கிறபோது வரையுங்கள். முதலில் ஜாடை வராது. பரவாயில்லை, திரும்பத் திரும்ப உட்காருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அரசு கவின் கலைக் கல்லூரிகளில் போர்ட்ஃபோலியோவை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதில்லை. செய்முறைத் தேர்வு உண்டு, நேர்காணலும் உண்டு. எந்த ஊர்க் கலைக் கல்லூரியாக இருந்தாலும் செய்முறைத் தேர்வு பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: முன்னால் வைத்த பொருட்களை வரைவது, ஆளை உட்கார வைத்து வரைவது, தலைப்பு கொடுத்து மனதில் இருந்து வரையச் சொல்வது. மூன்றிலும் போட்டோ உதவிக்கு வராது. பார்த்து வரையப் பழகினால் தேர்வுக்கான பயிற்சியும் போர்ட்ஃபோலியோவுக்கான படங்களும் ஒரே வேலையில் கிடைத்துவிடும்.

பொருட்களில் இருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் குடம், சொம்பு, அரிக்கேன் விளக்கு, அம்மிக்கல், சைக்கிள் எது இருந்தாலும் சரி. ஒரு குடத்தைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்து பாருங்கள். வாய் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அது உங்கள் கண் மட்டத்துக்கு நெருங்க நெருங்கத் தட்டையாகும், கீழே இறங்க இறங்க அகலும். அப்படியானால் குடத்தின் அடிப்பாகத்து வளைவு வாயை விடக் கூடுதல் வட்டமாக இருக்க வேண்டும். புதிதாக வரைகிறவர்களில் பெரும்பாலோர் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியில் நேர்கோடு இழுத்துவிடுவார்கள், குடம் காற்றில் தொங்கும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் போட்டாலே, பார்த்து வரைகிற பையன் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

அளவெடுக்கப் பென்சிலே போதும். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே குடத்தின் அகலத்தைப் பிடியுங்கள். அதே அளவு உயரத்தில் எத்தனை தடவை போகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். நிழலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். விவரங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று பட்டைகளாகத் தெரியும். முதலில் அந்த மூன்றையும் போட்டுவிட்டு, அப்புறம் பளபளப்புக்குப் போங்கள்.

மனித உருவத்துக்கு நீங்கள் ரொம்பக் கொடுத்து வைத்தவர். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நோட்டும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் எடுத்துப் போய் ஓர் ஓரமாக நில்லுங்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஏலம் கூவுகிறவர், லாரி மேல் நின்று அடுக்குகிறவர், டீ குடிக்கிறவர், இவர்களை ஓர் ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் வரையுங்கள். முகம் வேண்டாம். முதுகு எப்படி வளைகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதுதான் வேண்டும். நிற்கிற ஆளின் கழுத்துக் குழியில் இருந்து செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால், ஒற்றைக் காலில் எடை இருக்கும்போது அது அந்தப் பாதத்தின் பக்கம் போய் விழும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் உருவம் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். நின்ற உருவத்தின் உயரம் அதன் தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு என்பது தோராயக் கணக்கு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதிரே நிற்பவர் குள்ளமாக இருந்தால் அவரைத்தான் நம்ப வேண்டும். பேனாவால் வரையச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அழிக்க முடியாது என்றால் கோடு போடும் முன் கண் கூடுதலாக வேலை செய்யும். கோட்டின் பலத்தைப் பார்க்க விரும்பினால் ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து, நீங்கள் சேர நினைக்கும் இதே கல்லூரியில் படித்தவர் அவர்.

கைகளையும் பாதங்களையும் தனியாகப் பழகுங்கள். தேர்வில் ஆள் வரையச் சொன்னால், கை வராதவர்கள் அதைப் பின்னால் கட்டியிருப்பதாகவோ பாக்கெட்டில் நுழைத்ததாகவோ வரைவார்கள். பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் இடது கை எப்போதும் கூடவே இருக்கிற மாடல்தான்.

இடங்களை வரைய மதுரைக்கு ஒருநாள் போய் வாருங்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசை, தூரக்காட்சியை (தூரம் போகப் போகப் பொருட்கள் சிறுத்துத் தெரிவதை)ப் புரிந்துகொள்ளக் கிடைத்த அருமையான இடம். நின்றபடி ஒரு படம், அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து இன்னொரு படம் போடுங்கள். கண் மட்டம் இறங்கியதும் வளைவுகளும் தூண்களும் எப்படி ஓங்கி எழுகின்றன என்பது கையில் பிடிபடும். ஊரிலேயே பேருந்து நிலையமும் கடைத்தெருவும் இருக்கின்றனவே, அவையும் போதும்.

தலைப்பு கொடுத்து வரையச் சொல்வதில்தான் பலர் ஒரே மாதிரி வரைந்துவிட்டு வருகிறார்கள். ‘திருவிழா’ என்றால் நடுவில் தேர், சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் கூட்டம். ‘சந்தை’ என்றால் வரிசையாகக் கூறு கட்டிய காய்கறி. நீங்கள் சந்தையில் நின்று வரைந்தவர் என்றால் வேறு ஒன்று வரும். பாதி இறக்கிய லாரியின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கும் இரண்டு பேர், பின்னால் முருங்கைக்காய்க் கட்டுகள். அது உங்களுடைய படம். நேரடியாகப் பெரிய தாளில் இறங்காமல், தீப்பெட்டி அளவில் நாலைந்து சின்னப் படங்கள் போட்டு, எது பலமாக இருக்கிறது என்று பார்த்து எடுங்கள். பெரிய உருவம் ஒன்று, நடுத்தரம் சில, சின்னது பல என்று அளவில் வேறுபாடு இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியும். தாளின் ஓரம் உருவங்களை வெட்டிச் செல்லலாம், பயப்பட வேண்டாம். அந்தச் சின்னப் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், போர்ட்ஃபோலியோவில் முடித்த படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எப்படி யோசித்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வண்ணத்தில் ஓர் ஆலோசனை: போஸ்டர் கலர் டப்பாவில் உள்ள கறுப்பைத் தொடாமல் சில படங்கள் போட்டுப் பாருங்கள். நீலத்தையும் பழுப்பையும் கலந்து இருட்டை உண்டாக்குங்கள். நிழல்கள் செத்துப் போகாமல் இருக்கும். மூன்று வண்ணமும் வெள்ளையும் மட்டும் வைத்து ஒரு முழுப் படம் முடிப்பது, பெரிய வண்ணப் பெட்டி தராத பாடத்தைத் தரும்.

சாமான்களுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில்கள், கரிக்குச்சி, கேம்லின் போஸ்டர் கலரும் வாட்டர் கலரும், இரண்டு மூன்று பிரஷ், கிளிப் வைத்த பலகை, கார்ட்ரிட்ஜ் தாள், தினசரி வரைய ஒரு ஸ்பைரல் நோட்டு. கரிக்குச்சிப் படங்கள் மேல் ஃபிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்து வைக்கும் தெளிப்பு) அடித்து, நடுவில் மெல்லிய தாள் வைத்து அடுக்குங்கள். இல்லாவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒன்றோடொன்று ஒட்டி அழிந்துவிடும்.

எத்தனை படம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் 15 முதல் 20 வரை போதும். நாற்பது படம் கொண்டுபோனால் அதில் உள்ள பலவீனமான பத்துதான் மனதில் நிற்கும். பலமான ஒன்றை முதலிலும், அதற்கு இணையான ஒன்றைக் கடைசியிலும் வையுங்கள். இடையில் பொருட்கள், உருவங்கள், இடங்கள், தலைப்பில் போட்டவை என்று ஓரளவு சேர்ந்து வரட்டும். இவற்றோடு ஸ்கெட்ச் புத்தகத்தை அப்படியே கொண்டுபோங்கள். சரியாக வராத பக்கங்களைக் கிழிக்காதீர்கள். தேதி போட்டு வைத்தால் ஜூலையில் எப்படி வரைந்தீர்கள், மார்ச்சில் எப்படி வரைகிறீர்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். பல ஆசிரியர்கள் ஃபோல்டரை விட அந்தப் புத்தகத்தைத்தான் நிதானமாகப் புரட்டுவார்கள். கண்ணாடிச் சட்டம், பூ வேலை செய்த பார்டர், பெரிய கையெழுத்து எதுவும் வேண்டாம். ஒரே அளவு தாளில் நாலு மூலையிலும் ஒட்டி, பின்புறம் பெயர், தேதி, எதில் வரைந்தது (பென்சிலா, கரியா, வண்ணமா) என்று எழுதினால் சரி.

இணையத்தில் ஏற்றச் சொன்னால் செல்போனே போதும். வெயில் நேராக விழாத வராந்தாவில், காலை வெளிச்சத்தில், படத்தைச் சுவரில் நேராகக் குத்தி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போன் படத்துக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். ஃபில்டர் போடாதீர்கள். நேர்காணலில் அசல் படம் வேறு நிறத்தில் இருந்தால் சங்கடம்.

எந்தப் பிரிவு என்றும் இப்போதே யோசியுங்கள். எழும்பூரில் வண்ணக்கலை (பெயின்டிங்), சிற்பக்கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்), துகிலியல் (துணி வடிவமைப்பு), சுடுமண் (செராமிக்), பதிப்போவியம் (பிரின்ட்மேக்கிங்) என்று பிரிவுகள் உண்டு. எல்லாரும் முதல் விருப்பமாக வண்ணக்கலையையோ காட்சிவழித் தகவல் வடிவமைப்பையோ எழுதிவிட்டு, மற்றவை என்னவென்றே தெரியாமல் வருகிறார்கள். உங்கள் மாவட்டத்துச் சின்னாளபட்டி சுங்குடிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து சேலைக்கு முடிச்சுப் போடுவதையும் சாயம் ஏற்றுவதையும் வரைந்து, அந்தப் புள்ளிகளை வைத்து நீங்களே ஒரு வடிவம் உருவாக்கிப் பாருங்கள். துகிலியலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். சிற்பம் பிடிக்கும் என்றால் குளத்துக் களிமண்ணில் ஏதாவது செய்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்றால் தமிழ் எழுத்துகளை வைத்து ஒரு சுவரொட்டி, ஒரு புத்தக அட்டை.

நேர்காணலில் யாரைப் பிடிக்கும், ஏன், எந்தக் கண்காட்சி பார்த்தாய் என்று கேட்பார்கள். சேரப் போகும் இடத்தைப் பற்றித் தெரிந்திருப்பதும் மரியாதை. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஓவியர்களைச் சேர்த்துச் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பயனில்லை. சென்னைக்கு வரும்போது ஒருநாள் முன்னதாகவே வந்து உழைப்பாளர் சிலையைச் சுற்றி நடந்து, நாலைந்து பக்கத்தில் இருந்து வரையுங்கள். பாறையை நெம்பும் நாலு பேரின் முதுகும் காலும், நீங்கள் ஒட்டன்சத்திரத்தில் வரைந்த மூட்டைக்காரர்களின் முதுகும் காலும்தான். அதைப் பற்றிப் பேச உங்களுக்கு நிறைய இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமி, இஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தமிழிலேயே பேசுங்கள். இதை ஏன் இப்படி வரைந்தாய் என்று கேட்டால் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், “வெயில் அந்தப் பக்கம் இருந்தது, முகம் தெரியவில்லை” என்பதுகூட நல்ல பதில்.

ஒரே கல்லூரியை நம்பி இருக்க வேண்டாம். கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர்களுக்கு நாகேஸ்வரன் கோயிலும் தாராசுரமும் சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளும் கூப்பிடு தூரத்தில் கிடைப்பதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன். மரபுச் சிற்பம், மரபு ஓவியத்தில் நாட்டம் இருந்தால் மாமல்லபுரம் அரசுக் கல்லூரி. வெளியூர் போக முடியும் என்றால் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம், பெங்களூரு சித்ரகலா பரிஷத், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை, சாந்திநிகேதன் கலாபவன். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளநிலைச் சேர்க்கை க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது, அதற்குப் பிளஸ் டூ முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்.ஐ.டி.) தேர்வு, யூசீட் போன்றவை வடிவமைப்புப் படிப்புக்கானவை. அவற்றின் கேள்விமுறையே வேறு, இந்தத் தயாரிப்பு மட்டும் அங்கே போதாது.

விண்ணப்பத்தில் படத்தை விடப் பலரை மடக்குவது சான்றிதழ்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இவற்றை ஏப்ரலுக்குள் இ-சேவை மையத்தில் வாங்கிவிடுங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் போனால் ஊரே அங்கே நிற்கும். இன்னொன்று, ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை என்று இருக்கும். மூன்றையும் எடுத்து இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓவியத்துக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு எழுதியிருந்தால் அதையும் இணைக்கலாம். விண்ணப்பம் வெளியாகும் தேதி, வயது வரம்பு, கட்டணம் இவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதை, ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், சிறு வயது முதலே ஆர்வம் என்று தொடங்காதீர்கள். சந்தையில் வரைந்த அனுபவத்தை எழுதுங்கள்.

அப்பாவின் கவலை நியாயமானது. அவரிடம் கலையின் மேன்மையைப் பேசி வாதாட வேண்டாம். பி.எஃப்.ஏ.வும் பட்டப்படிப்புதான், நாலு வருடம்; முடித்தால் வேலை வாய்ப்புள்ள துறைகள் பல உண்டு: பதிப்பகம், விளம்பரம், அனிமேஷன், சினிமாக் கலைத்துறை, துணி வடிவமைப்பு, பள்ளி ஓவிய ஆசிரியர் பணி. முதல் இரண்டு வருடம் வருமானம் நிலையாக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் கல்லூரிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், மாணவர்கள் வேலை செய்கிற கூடங்களைக் காட்டுங்கள். என் அனுபவத்தில், நாள் முழுக்க நின்று மண் பிசைகிற, கல் செதுக்குகிற பிள்ளைகளைப் பார்த்த பெற்றோருக்கு இது விளையாட்டில்லை என்று புரிகிறது.

பி.காம். விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், தப்பில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை முந்தி நடந்து, நீங்கள் அங்கே சேர நேர்ந்தால், அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுக்கும் முன் நகல்களை எடுத்து அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். கவின் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு அசலைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும், கட்டிய பணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.